ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய காந்தம்

நான்கு நியோடிமியம் காந்தக் கட்டைகள், அவற்றின் மேல் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புத் தகடு. தகடு காந்தத்தைத் தொடாமல் மிதக்கிறது. பேட்டரி, ஒயர், திரவ நைட்ரஜன் என்று எதுவும் தேவைப்படவில்லை. அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து அந்தப் பக்கமாக உருவிவிடலாம். இதைச் செய்து வைப்பது ஒரு மாலை நேர வேலை. ஏன் மிதக்கிறது என்று எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள ஒரு கூட்டத்துக்குப் புரியவைப்பதுதான் நேரம் பிடித்தது. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இடம் பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடி. மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைக் கீழே விளையாட விடமாட்டார்கள், வெயில் அப்படி. யார் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதோ அங்கே கூட்டம் சேரும். இந்தக் கோடையில் அது எங்கள் வீடாகிவிட்டது. யாருக்கும் இங்கே பெயர் போடப் போவதில்லை. முதல் மாடி, மூன்றாம் மாடி என்று மாடி எண்ணாலேயே சொல்கிறேன்.

இதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் முதல் காட்சியே மிதக்கிற தகடுதான். அதோடு 'குவாண்டம்' என்று ஒரு சொல்லையும் போட்டுவிட்டால் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். மந்திரம் போட்ட மாதிரி கேள்வி அடங்கிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் மிதக்க முடியாது என்று அவர்கள் வாயாலேயே காரணத்தோடு சொல்ல வேண்டும், அதன் பிறகு மிதக்கவிட்டுக் காட்ட வேண்டும். அப்போதுதான் குவாண்டம் எங்கே நுழைகிறது என்பது பிடிபடும். அதனால் தகட்டை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத் திராட்சையில் தொடங்கினேன்.

அதற்கு முன்னால் சாமான் வாங்கிய கதை. ரிச்சி தெருவில் போய்க் காந்தம் என்று கேட்டால் "ஸ்பீக்கர் மேக்னெட்டா சார்?" என்பார்கள். கறுப்பாக வளையம்போல் இருக்கும் ஃபெரைட் காந்தம் அது. இந்த வேலைக்கு அதன் பலம் போதாது. ஆனால் அங்கேயே பழுதான ஹார்ட் டிஸ்க் சல்லிசாகக் கிடைக்கும். நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் கொண்டு பிரித்தால், உள்ளே வளைந்த வடிவத்தில் பளபளவென்று நியோடிமியம் காந்தம் இருக்கும். இரும்புப் பட்டையோடு ஒட்டியிருக்கும் அதை அப்படியே பயன்படுத்தலாம். நெம்பி எடுக்கப் போனால் உடையும். திராட்சைச் சோதனைக்கு அதுவே போதும். தகடு மிதக்க வேண்டிய காந்தங்களை மட்டும் ஆன்லைனில் வாங்கினேன்: 12 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டைகள், நிக்கல் பூச்சு போட்டவை. பூச்சு முக்கியம். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கும் உப்புக்கும் பூச்சு உரிந்த நியோடிமியம் துருப்பிடித்து மாவாக உதிர்ந்துவிடும்.

தகடு பைரோலிட்டிக் கிராபைட். பென்சிலில் இருக்கும் அதே கார்பன்தான், ஆனால் மீத்தேன் போன்ற வாயுவை மிக அதிக வெப்பத்தில் சிதைத்து, கார்பனை அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்தது. எல்லா அடுக்குகளும் ஒரே திசையில் படுத்திருக்கும். அதன் அருமை பின்னால் தெரியும். வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. தகட்டின் விலையைவிடக் கொரியர் செலவு அதிகம்.

சரி, திராட்சை. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு திராட்சையைக் குத்தி, நடுவில் நூல் கட்டி நாற்காலியின் கைப்பிடியிலிருந்து தொங்கவிட்டேன். ஊசிமுனையில் நிற்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஊசி இரும்பாயிற்றே, காந்தம் அதைத்தான் முதலில் இழுக்கும். முறுக்கு நூலும் உதவாது, தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பட்டு ஜரிகைப் புடவையின் குஞ்சத்திலிருந்து ஒற்றை இழை ஒன்றைக் கேட்டு வாங்கினேன், அது ஒத்துழைத்தது. ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு அறையில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது அறிவியலுக்காகச் செய்யும் தியாகம்தான்.

ஈர்க்குச்சி ஆட்டம் நின்றதும் காந்தத்தைத் திராட்சைக்குப் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோனோம். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு திராட்சை மெல்ல விலகத் தொடங்கியது. சாவகாசமாக, போகப் பிடிக்காத ஆள் எழுந்து போவதைப்போல. காந்தத்தைத் திருப்பி மறு துருவத்தைக் காட்டினோம். அப்போதும் விலகியதே தவிர, கிட்ட வரவில்லை.

முதல் மாடிப் பையன் உடனே எதிர்த்தான். "கை அசையுற காத்துல போகுது அங்கிள்." நியாயமான சந்தேகம். அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி, காந்தத்துக்குச் சுற்றிய அதே கறுப்பு டேப்பைச் சுற்றி, எது எது என்று தெரியாமல் இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்தேன். மரக்கட்டைக்குத் திராட்சை அசையவில்லை. இந்தச் சோதனையை நீங்கள் செய்தால் அந்த மரக்கட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு துருவத்துக்கும் விலகுகிறது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். திராட்சை ஒரு குட்டிக் காந்தமாக இருந்தால் ஒரு துருவத்துக்கு விலகி, இன்னொன்றுக்கு ஒட்ட வேண்டும். எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் அதற்கு எதிராகத் திராட்சை அப்போதைக்கு அப்போது ஒரு எதிர்க்காந்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடியும். திராட்சையில் பெரும்பங்கு தண்ணீர், தள்ளுவதும் தண்ணீர்தான். இந்தக் குணத்துக்கு டயா காந்தத் தன்மை என்று பெயர். பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு அட்டவணையில் வந்துவிட்டுப் போய்விடும். மைக்கேல் ஃபாரடே 1845-இல் கனத்த ஈயக் கண்ணாடித் துண்டு ஒன்றை மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே தொங்கவிட்டு இதைக் கண்டார். பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் தொங்கவிட்டுப் பார்த்தார், ஆப்பிள், ரொட்டி, மாமிசம் உட்பட. இதைச் சொன்னதும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் காலியாகும் நிலைமை வந்தது. வெள்ளரிக்காயும் தக்காளியும் விலகின.

அடுத்தது செம்புக் குழாய். ஏசி பொருத்தும் மெக்கானிக்கிடம் கேட்டால் மிச்சம் விழுந்த துண்டு கொடுப்பார். முழங்கை நீளத்துக்கு, வளையாத துண்டாகப் பார்த்து வாங்கவும். குழாய்க்குள் தாராளமாக நுழையும் வட்டக் காந்தம் ஒன்றை மேலிருந்து போட்டால், அது ஆற அமர இறங்கி வரும். அதே அளவு இரும்பு நட்டு ஒன்றைப் போட்டால் பொத்தென்று விழுந்துவிடும். ஆளுக்கொரு முறை போட்டுப் பார்க்க வரிசை நின்றது. இந்த ஒரு சாமான் இருந்தால் மதியம் முழுவதும் ஓடிவிடும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காந்தத்தைக் கையில் பிடித்து, குழாயின் பக்கத்தில் அசையாமல் வைத்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. செம்பு ஒட்டுவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. காந்தம் நகர்ந்தால்தான் குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது விழும் காந்தத்தை எதிர்க்கிறது. காந்தம் நின்றால்? மின்னோட்டமும் செத்துவிடும். செம்பில் மின்தடை இருக்கிறது, ஓடும் எலக்ட்ரான்கள் முட்டி மோதித் தங்கள் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. (கண்டிப்பாகப் பார்த்தால் செம்பும் டயா காந்தப் பொருள்தான், ஏறக்குறைய தண்ணீர் அளவுக்கு. குழாயின் எடைக்கு முன்னால் அது கண்ணுக்குத் தெரியாது.)

அப்போது கேட்டேன்: "ஒரு காந்தத்தை மேஜை மேல அசையாம வச்சிட்டு, அதுக்கு மேல எதையாவது மிதக்க விட முடியுமா?"

மூன்றாம் மாடிப் பெண் ஆறாம் வகுப்பு முடித்தவள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "முடியாது அங்கிள். அசைஞ்சாத்தானே கரன்ட் வரும். நின்னுடுச்சுன்னா கரன்ட் போயிடும், கீழே விழுந்துடும்."

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவள் சொன்னது அவள் பார்த்தவரைக்கும் முழுக்கச் சரி. முதல் மாடிப் பையன் காந்தத்தின் மேலேயே இன்னொரு காந்தத்தைத் தலைகீழாக மிதக்கவிடலாம் என்று கிளம்பினான். ஒத்த துருவங்களை எதிரெதிரே பிடித்தால் தள்ளுகிறதே என்பது அவன் வாதம். எவ்வளவு முயன்றும் மேல் காந்தம் நழுவிப் புரண்டு சட்டென்று ஒட்டிக்கொண்டது. சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் 1842-இலேயே இது நடக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார் என்று சொல்லி அவனைச் சமாதானப்படுத்தினேன். நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும், இன்னொரு நிலையான காந்தத்தை ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கவிட முடியாது. தப்பிக்க இருக்கும் வழிகளில் ஒன்று டயா காந்தப் பொருள்.

இப்போது கட்டைகளை அடுக்கும் வேலை. முதலில் நான்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக நீளமாக ஒட்டவிடுங்கள். மேல் கட்டையின் மேலே பார்க்கும் முகத்தில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, அதைப் பிரித்துவிட்டு, அடுத்த கட்டைக்கும் அப்படியே செய்யுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே துருவம். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நகர்த்தித்தான் பிரிக்க வேண்டும், நேராகப் பிடித்து இழுத்தால் வராது. இரண்டுக்கு இரண்டாக அடுக்கும்போது புள்ளி மேலே, புள்ளி கீழே என்று மாறி மாறி வர வேண்டும், சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளை வரிசையில். இதில் ஒரு வசதி, எதிர்த் துருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கட்டைகள் தாங்களாகவே அந்த வரிசையில் ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். அதே வேகத்தில் விரலையும் கடிக்கும். அடியில் ஒரு இரும்புத் தகடு வைத்தால் ஆட்டம் அடங்கும். தெருமுனைக் கிரில் பட்டறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கினேன். சமையலறை எவர்சில்வர் தட்டு சரிப்படாது. சில தட்டு ஒட்டும், சில ஒட்டாது. எது ஒட்டும் எது ஒட்டாது என்று பார்க்கப் போன பிள்ளைகள் அரைமணி நேரம் சமையலறையைவிட்டு வரவில்லை.

ஏன் இப்படி மாறி மாறி? தள்ளும் விசை காந்தத்தின் பலத்தை மட்டும் பொறுத்ததில்லை. அந்தப் பலம் மேலே போகப் போக எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் பொறுத்தது. எதிர்த் துருவங்கள் பக்கத்தில் இருந்தால் காந்தப்புலம் கட்டைகளுக்கு மிக அருகிலேயே வளைந்து திரும்பிவிடுகிறது; கொஞ்சம் உயரம் போனாலே மளமளவென்று குறைகிறது. அந்தச் சரிவுதான் தகட்டைத் தாங்குகிறது. நான்கு கட்டையும் சந்திக்கும் நடுப்புள்ளிக்கு மேலே புலம் பலவீனமாக இருக்கும், அதனால் தகடு வழுக்கி வெளியே போகாமல் அங்கேயே தங்கிவிடும்.

தகடு வந்தபோது கொஞ்சம் தடிமனாக இருந்தது. மிதந்தது, ஆனால் ஒரு ஓரம் தட்டிக்கொண்டு. கிராபைட் அடுக்கடுக்காகப் பிரியும், ஆகவே சவரப் பிளேடை ஓரத்தில் வைத்து மெல்ல அழுத்தி இரண்டாக உரித்தேன். மேற்பரப்பில் தொங்கிய பிசிறுகளை செல்லோ டேப் ஒட்டி எடுத்தேன். இதே டேப் வேலையை விடாமல் செய்து, ஒற்றை அணு தடிமனுள்ள அடுக்கு வரைக்கும் போனவர்கள் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். கிராபீனைத் தனியே பிரித்து 2004-இல் அவர்கள் வெளியிட்டதற்கு 2010-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மிதக்கும் உயரத்துக்குத் தகட்டின் அகலத்தைவிடத் தடிமன்தான் முக்கியம். மெல்லியதாக ஆக உயரே நிற்கும்.

உரித்த தகட்டைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து நடுவில் விட்டேன். ஒரு நடுக்கம், பிறகு நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை, மூச்சுவிட்டால் ஆடுகிறது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அப்புறம் பிரிண்டர் காகிதத்தைப் பட்டையாக வெட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று அடியில் நுழைத்தோம். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஏழு தாள் வரை தட்டாமல் போனது. முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். தகட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார்கள், உடனே சாய்ந்து படுத்துக்கொண்டு மிதந்தது. ராத்திரிக்கு ஸ்வீட் பாக்ஸின் பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து வைத்தேன், பல்லிக்குப் பயந்து. மறுநாள் காலை பல் துலக்காமலேயே வந்து பார்த்தாள் மூன்றாம் மாடி. அதே உயரம்.

"கரன்ட் இன்னும் போகலையா?"

இந்தக் கேள்விக்குள்தான் குவாண்டம் இருக்கிறது. செம்புக் குழாயின் மின்னோட்டம் கண நேரத்தில் செத்துவிட்டது. கிராபைட்டுக்குள் ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, வெப்பமாகாமல், சோர்ந்து போகாமல். அது ஏன் சாகவில்லை என்பதற்கு விடை, கீழே போக அதற்கு இடமே கிடையாது என்பதுதான்.

விளக்கத்துக்கு எங்கள் லிஃப்ட்டையே எடுத்துக்கொண்டேன். லிஃப்ட் மாடிகளில் மட்டும் நிற்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் கதவு திறக்காது. அணுவுக்குள் எலக்ட்ரானும் அப்படித்தான், குறிப்பிட்ட ஆற்றல் மாடிகளில் மட்டுமே இருக்க முடியும். குவாண்டம் என்று இங்கே நான் சொல்வது இந்த மாடிக் கணக்கைத்தான். ஆற்றலை இழப்பது என்றால் கீழ் மாடிக்கு இறங்குவது. தரைத்தளத்தில் இருக்கும் லிஃப்ட் அதற்கும் கீழே எங்கே போகும்? "பேஸ்மென்ட் இருந்தா போகும்" என்றான் முதல் மாடி. எங்கள் கட்டடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்தான், பேஸ்மென்ட் கிடையாது, அணுவுக்கும் கிடையாது. செம்புக் குழாயில் ஓடிய மின்னோட்டம் மேல் மாடியில் இருந்த லிஃப்ட், அதனால் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டது. கிராபைட்டில் இருப்பது தரைத்தளத்து லிஃப்ட்.

காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? தரைத்தளமே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. லிஃப்ட் இன்னமும் தரைத்தளத்தில்தான் நிற்கிறது, ஆனால் தளம் முன்பைவிட மேலே இருக்கிறது. அந்த உயர்ந்த தளத்தில் எலக்ட்ரான்களின் ஓட்டத்தில், வந்த காந்தத்துக்கு எதிரான ஒரு சின்னத் திருப்பம் சேர்ந்திருக்கிறது. அது தரைத்தளத்தின் பகுதியாகவே இருப்பதால் தேய்ந்துபோக வழியில்லை. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை அதுவும் இருக்கும். இறங்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்: கட்டடத்தோடு காந்தத்தைவிட்டு நகர்ந்து போக வேண்டும். தகடு மேலே தள்ளப்படுவது அதனால்தான். புவியீர்ப்பு கீழே இழுக்க, இது மேலே தள்ள, இரண்டும் சமமாகும் இடத்தில் தகடு நிற்கிறது.

மூன்றாம் மாடி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ திராட்சையும் அதேதானா?" என்றாள். அதேதான். தண்ணீரில் அந்த உயர்வு மிகச் சின்னது. ஒரே கன அளவு எடுத்தால் கிராபைட் தண்ணீரைவிடச் சுமார் 50 மடங்கு பலமாகத் தள்ளுகிறது. திராட்சை நூலில் தொங்கியதால் விலக முடிந்தது, தன் எடையையே தூக்கி நிற்க அதற்குப் பலம் போதாது.

பெரியவர்களுக்காக ஒரு விஷயம். மாடிகளே இல்லாத பழைய இயற்பியலில், அதாவது எலக்ட்ரான் எந்த ஆற்றலிலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இந்த எதிர்க்காந்தம் சுத்தமாகப் பூஜ்யம் என்று கணக்கு வரும். காந்தப்புலத்தை எதிர்க்கும் திசையில் சுற்றும் எலக்ட்ரான்களும் பொருளின் விளிம்பில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று சரியாக அடித்துவிடுகின்றன. நீல்ஸ் போர் 1911-இல் தன் முனைவர் ஆய்வேட்டிலும், ஹென்ட்ரிகா ஃபான் லேவன் 1919-இல் லைடனில் தன் ஆய்வேட்டிலும் தனித்தனியே இதைக் காட்டினார்கள். திராட்சை அசைந்ததே குவாண்டத்துக்குச் சாட்சி என்று சொன்னால் மிகையில்லை. கிராபைட்டில் எலக்ட்ரான்கள் ஒரே அணுவோடு கட்டுப்பட்டிருக்காமல் முழு அடுக்கிலும் உலவுகின்றன, கணக்கு இன்னும் சிக்கலாகும். அப்படி உலவும் எலக்ட்ரான்களுக்கான குவாண்டம் கணக்கை 1930-இல் லெவ் லாந்தாவ் தொடங்கி வைத்தார்.

இரும்பு ஏன் ஒட்டுகிறது என்று கேட்காமல் விடமாட்டார்கள். எலக்ட்ரானே பிறவியில் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான பொருள்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒன்று வடக்கு என்றால் மற்றது தெற்கு என்று பார்த்துக்கொண்டு, கணக்கைத் தீர்த்துவிடுகின்றன. இரும்பில் ஜோடி சேராதவை பல இருக்கின்றன, அவை கூட்டமாக ஒரே பக்கம் திரும்புகின்றன. அந்த இழுப்புக்கு முன்னால் டயா காந்தத்தின் தள்ளல் காணாமல் போய்விடும். இதற்கு மேல் போகவில்லை, அது வேறு ஒரு கோடைக்கு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். உரித்ததில் மிஞ்சிய கிராபைட் சில்லு ஒன்று, சாமந்தி இதழ் அளவு இருக்கும். அதை ஒரு தலைமுடியில் தொங்கவிட்டோம். நீளமான முடி தேவைப்பட்டதால் மூன்றாம் மாடி தன் சடையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். நுனியில் துளி ஃபெவிக்கால். இரண்டு கட்டைக் காந்தங்களை எதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி மரத்துண்டு முட்டுக்கொடுத்துத் தள்ளி வைத்து, நடுவில் சில்லை இறக்கினோம். அது அரைவட்டம் ஆடி, தன் தட்டையான முகத்தைக் காந்தங்களுக்குக் காட்டாமல், ஓரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. திருப்பிவிட்டால் மறுபடியும் அதே நிலைக்கு வந்தது. தட்டை முகத்தின் வழியே காந்தப்புலம் நுழைவதைத்தான் கிராபைட் கடுமையாக எதிர்க்கிறது, ஓரத்தின் வழியே நுழைந்தால் கண்டுகொள்வதில்லை. தகடு செங்குத்தாக நிற்காமல் படுத்துக்கொண்டதும் அதனால்தான். அடுக்குக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக வட்டமிடலாம், அடுக்குவிட்டு அடுக்கு தாவுவது கடினம்.

இந்த வித்தியாசத்தை அளந்து சொன்னவர் நம்மவர். கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். மதுரையில் அமெரிக்கன் கல்லூரியிலும் இங்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது, தாம்பரத்துக்குப் போனது 1937-இல். பிறகு கல்கத்தாவில் சி. வி. ராமனோடு சேர்ந்து, 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது உடன் இருந்தவர். டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்டுகளில் படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை எந்தப் பக்கம், எவ்வளவு விசையோடு திரும்புகின்றன என்று அளக்கும் முறையை வளர்த்தார். கிராபைட்டைப் பற்றி 1934-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். தட்டை முகத்துக்கும் ஓரத்துக்கும் எதிர்ப்பு சுமார் 40 மடங்கு மாறுகிறது. பிற்காலத்தில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தார். பாரிமுனையில் ரசாயனம் வாங்க நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போகும்போதெல்லாம் இந்த ஆள் இந்தப் பக்கம்தானே நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளுக்கோ குவார்ட்ஸ் இழைக்குப் பதில் தலைமுடி போட்டதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

மனிதர்கள் மிதக்க முடியுமா என்ற கேள்வி வந்தது. தவளை மிதந்திருக்கிறது. மேலே சொன்ன அதே ஆந்த்ரே கைம், 1997-இல் நெதர்லாந்தின் நைமேகனில், சுமார் 16 டெஸ்லா (காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு) மின்காந்தத்துக்குள் உயிருள்ள தவளையை மிதக்கவிட்டார். உடம்பில் தண்ணீர் இருக்கிறதே, அது போதும். தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக 2000-இல் மைக்கேல் பெர்ரியோடு சேர்ந்து, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார். நம் கட்டைக் காந்தங்களின் முகத்தில் அரை டெஸ்லா சொச்சம்தான் இருக்கும். மனிதரை மிதக்கவிட அதே பலம் ஆள் நுழையும் அகலத்தில் வேண்டும், மின்சார பில் தாங்காது.

பால்கனி வெயிலில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டு தகட்டின் ஒரு ஓரத்தில் வெளிச்சத்தைக் குவித்தால், அந்த ஓரம் மெல்லத் தாழ்ந்து தகடு சாயும். சூடானால் கிராபைட்டின் எதிர்ப்பு குறைகிறது. ஜப்பானில் 2012-இல் லேசர் ஒளியால் இதேபோல் தகட்டை நகர்த்தியே காட்டியிருக்கிறார்கள். லேசர் எங்கள் வீட்டில் கிடையாது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். பூதக்கண்ணாடியையும் என் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. காந்தம் சூடேறக் கூடாது, சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் இழக்கத் தொடங்கும்.

பென்சில் லீட் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. மெக்கானிக்கல் பென்சிலின் லீடை நூலில் கிடையாகத் தொங்கவிட்டால் திராட்சையைவிட நன்றாக விலகும். மரப் பென்சிலை நம்ப முடியாது, அதில் சேர்க்கும் களிமண்ணில் இரும்பு கொஞ்சம் இருந்தாலும் ஒட்ட வரும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தக் காந்தங்களைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். அதனால் பிள்ளைகள் கூடும் நேரத்தில் கட்டைகளை இரும்புத் தகட்டோடு சேர்த்து டேப் போட்டுக் கட்டிவிட்டேன், தனியாக எதுவும் கையில் கிடைக்காது. நான்காம் மாடித் தாத்தா பார்க்க வந்தபோது இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.

இப்போது அடுத்ததில் இறங்கியிருக்கிறோம். இந்த முறை காந்தம் மிதக்கும், கிராபைட் நிற்கும். ரிச்சி தெரு ஸ்பீக்கர் காந்தம் மேலே இருந்து ஒரு குட்டி நியோடிமியம் வட்டை ஏறக்குறைய அதன் எடை அளவுக்கு மேலே இழுக்கும். மேலேயும் கீழேயும் இருக்கும் இரண்டு கிராபைட் தகடுகள், வட்டு எந்தப் பக்கமும் போய் ஒட்டாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் காந்தத்தின் உயரத்தைத் துல்லியமாக ஏற்றி இறக்க ஒரு திருகு வேண்டும். இரும்பு போல்ட் உதவாது என்பதால் பித்தளையில் நீளமான ஒன்று வாங்கி, ஒரு மரச்சட்டத்தில் மாட்டியிருக்கிறேன். கால் சுற்று அதிகமாகத் திருகினாலும் வட்டு மேல் தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. காலையில் சரி செய்து வைத்தது சாயங்காலம் சரியாக இருப்பதில்லை. மரம் ஈரத்துக்கு அசைகிறது போலிருக்கிறது, சட்டத்தை அக்ரிலிக்கில் வெட்டித் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.